எடுக்காமல் விட்ட குதிரை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே மூன்று பேரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்கிறோம், ஆகையால் நலம் என்றே வைத்துக்கொள். அங்கே நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், உன் முதுகுவலி குறைந்ததா, கம்ப்யூட்டர் முன்னால் கூனிக்கொண்டு உட்காராதே என்றால் நீ கேட்கிற ஆளா. தினமும் போனில் பேசுகிறோமே, இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நம் வீட்டில் போன் பேசுகிற லட்சணம் உனக்குத் தெரியாதா, இருப்பது இரண்டே அறை, உன் அப்பா ஸ்பீக்கரில் போடு ஸ்பீக்கரில் போடு என்பார், நான் ஒரு வார்த்தை சொன்னால் அவர் நாலு வார்த்தை சேர்ப்பார், உன் தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வான். நான் சொல்ல வந்ததை ஸ்பீக்கரில் சொல்ல முடியாது. அதனால்தான் நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் சாப்பாட்டு நேரத்தில், லென்ஸ் தேய்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பாதிக் கதை உனக்குத் தெரியும், அதையும் சேர்த்து முழுதாகச் சொன்னால்தான் மீதி புரியும், பொறுமையாகப் படி.

முதலில் அப்பா. முழங்கால் ஆபரேஷன் நன்றாக ஆறிவிட்டது, வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வருகிறார், அதற்கு மேல் வழியில்லை, ஏனென்றால் லிஃப்ட் ஓடவில்லை. ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓடவைத்த மெக்கானிக் குடியிருக்கிற கட்டிடத்தில் லிஃப்ட் ஓடவில்லை என்று கீழ்வீட்டம்மா எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறாள். ஏதோ ஒரு பார்ட் வரவேண்டுமாம், வீட்டுக்காரர் ஆர்டர் போட்டிருக்கிறாராம், போட்டுக்கொண்டே இருக்கிறார். மூன்றாவது மாடியிலிருந்து நாலு பேர் நாற்காலியோடு தூக்கினால்தான் மனிதர் தரையைப் பார்க்க முடியும். நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தப் பழைய செஸ் பெட்டியோடு மல்லுக்கட்டுகிறார், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று கம்பெனியில் கொடுத்தார்களே அதேதான், பலகைக்குள்ளேயே கம்ப்யூட்டர், நீ காயை அழுத்தி வைத்தால் அது எங்கே போக வேண்டுமோ அங்கே சிவப்பு விளக்கு எரியும், அதன் காயையும் நாமே எடுத்து வைக்க வேண்டும். தினமும் அதை ஜெயிக்கிறார். ஜெயித்ததும் சமையலறையில் இருக்கிற எனக்குக் கேட்கும்படி ஒரு கனைப்பு. அந்தப் பெட்டி சின்னப் பிள்ளைகளுக்கான நிலையில் வைக்கப்பட்டிருக்கிறது என்பது எனக்கும் தம்பிக்கும் தெரியும், அவரிடம் நாங்கள் சொல்லவில்லை, சந்தோஷமாக இருக்கிறார் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டோம். அதுதான் வினையாகப் போயிற்று.

செஸ் கிளப் போட்டியில் தம்பி பல் டாக்டரை ஜெயித்தது உனக்குத் தெரியும். எத்தனையோ வருஷமாக இந்த ஊர்ச் சாம்பியன் அந்த டாக்டர்தான், பல் பிடுங்குகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் கிளப்பில்தான் இருப்பார். அவரைத் தம்பி ஜெயித்த விதம் அப்படி இருந்ததாம், சுற்றி நின்றவர்கள் மூச்சு விடவில்லை என்று சொன்னார்கள். டாக்டர் கையைக் குலுக்கிவிட்டு வீட்டுக்குப் போய் அந்த ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்திருக்கிறார். தம்பி நகர்த்தியதெல்லாம் கம்ப்யூட்டர் நகர்த்தியிருக்கக்கூடியதாகவே இருந்ததாம், ஒரு தப்புகூட இல்லையாம், மனிதனால் இப்படி ஆட முடியாது என்று கிளப்புக்குப் புகார் எழுதிவிட்டார். இடையிடையே பாத்ரூம் போனானாம், அங்கே போனை ஒளித்து வைத்திருந்தானாம். முந்தின நாள் மீந்ததை நான் சூடு பண்ணிக் கொடுத்து அவன் வயிறு கெட்டுப்போன கதையை எந்தக் கமிட்டியில் போய்ச் சொல்வது. அவன் நிதானமாகத்தான் சொன்னான், என் வயதுப் பிள்ளைகள் எல்லாம் கம்ப்யூட்டரைப் பார்த்தேதான் கற்றுக்கொண்டோம், அதன் கையெழுத்தைப் பார்த்து எழுதிப் பழகியவன் எழுத்து அதைப் போலத்தானே இருக்கும் என்று. யாரும் காதில் வாங்கவில்லை. குற்றம் செய்தான் என்றும் சொல்லவில்லை, செய்யவில்லை என்றும் சொல்லவில்லை, விசாரிக்கிறோம் என்று மட்டும் சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தை போதுமே. அவன் செஸ் சொல்லிக்கொடுத்த இரண்டு பள்ளிக்கூடங்களிலும் கொஞ்ச நாள் வரவேண்டாம் என்றுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து படித்த பிள்ளைகளுக்கு ஒருவர் பின் ஒருவராகக் காய்ச்சல் வந்தது, பரீட்சை வந்தது, அப்புறம் யாருமே வரவில்லை.

அந்த நேரத்தில்தான் கிளப் செயலாளர் வீட்டுக்கு வந்தார். நல்லவிதமாகத்தான் பேசினார், ஒரு வருஷம் தம்பி எந்தப் போட்டிக்கும் வராமல் ஒதுங்கியிருந்தால் எல்லோரும் மறந்துவிடுவார்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். தம்பி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். உன் அப்பாவுக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே. திருடன் மாதிரி ஏன் ஒதுங்க வேண்டும், என் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் உதவி எதற்கு, உங்கள் கம்ப்யூட்டரையே கொண்டுவந்து எதிரில் உட்காரவையுங்கள், அதையே தோற்கடித்துக் காட்டுவான் என்று வாக்கரைத் தரையில் தட்டித் தட்டிச் சொன்னார். அது என்ன பெரிய கொம்பா, நானே தினமும் ஜெயிக்கிறேன் என்று ஜன்னலோரப் பெட்டியை வேறு காட்டினார். செயலாளர் அந்தப் பெட்டியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, நல்ல யோசனை, எல்லார் முன்னாலும் ஒரே ஒரு ஆட்டம், ஜெயிக்கக்கூட வேண்டாம், டிரா பண்ணினாலே போதும், அவன் மேல் ஒரு குறையும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுத் தருகிறோம் என்றார். தம்பி நிமிர்ந்து பார்த்தான் பார், அந்தப் பார்வையை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை வாழ்நாளெல்லாம் வெளியே இழுத்துவிட்ட மனிதர், பெற்ற பிள்ளையை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்.

செயலாளர் போனபின் தம்பி ஒன்றும் கோபப்படவில்லை. அப்பாவின் பெட்டியை மேஜையில் வைத்து, பக்கத்தில் தன் போனை வைத்து, பெட்டியும் போனும் ஆடட்டும் என்று இரண்டுக்கும் நடுவில் காய்களை மாற்றி மாற்றி வைத்தான். அப்பா முதலில் தன் பெட்டிக்கு ஆதரவாகக் கனைத்துக்கொண்டிருந்தார். காப்பி ஆறுவதற்குள் பெட்டி சுருண்டுவிட்டது. பெட்டியை அதன் பெரிய நிலையில் வைத்து மறுபடி ஆடவிட்டான், அதுவும் கொஞ்ச நேரம்தான். சரி, பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் ஜெயிப்பார்கள் அல்லவா என்று அப்பா கேட்டார், குரலே இறங்கிவிட்டது. ஒரு காலத்தில் ஜெயித்தார்கள் அப்பா, இப்போது உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரர்கூட சரிசமமாக உட்கார்ந்து இதை ஜெயித்துவிடலாம் என்று நினைப்பதில்லை, இது ஒரு காயை முதலிலேயே விட்டுக்கொடுத்தால் பேசலாம் என்றான். அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் நானே போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றார். தம்பிதான் தடுத்தான். "போகலன்னா ஒத்துக்கிட்டதா ஆயிடும்பா. தோத்தா, தனியா ஆட வராதுன்னு சொல்வாங்க. டிரா ஆச்சுன்னா, இங்கயும் ஏதோ வச்சிருக்கான்னு சொல்வாங்க. எப்படியும் ஒண்ணுதான், போயிட்டே வரேன்" என்றான். சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு வீடு எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. ஒரு அறையில் அப்பா பெட்டியைத் தொடாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, இன்னொரு அறையில் இவன் போனோடு ஆடி ஆடித் தோற்றுக்கொண்டு, நடுவில் நான். ஜெயிக்க ஒரு வழியும் இல்லை, பூட்டத்தான் முடியும் என்று ஒரு நாள் எனக்குப் பலகையில் காட்டினான். சிப்பாய்களையெல்லாம் எதிரும் புதிருமாக முட்டவைத்து ஒன்றும் நகர முடியாமல் அடைத்துவிட வேண்டுமாம், அப்போது அதனால் உள்ளே வரமுடியாதாம், இவனாலும் வெளியே போகமுடியாதாம், ஐம்பது முறை இரண்டு பக்கமும் சிப்பாய் நகராமல் எதுவும் வெட்டுப்படாமல் போனால் டிராவாம். ஆனால் கம்ப்யூட்டர் எங்கேயாவது ஒரு விரிசலைக் கண்டுபிடித்து விடுகிறது, ஒவ்வொரு தடவையும் கண்டுபிடித்து விடுகிறது. நீ அந்த வாரம் போன் பண்ணி, நிஜமாவே ஏதாவது பண்ணியிருந்தா எங்கிட்டயாவது சொல்லிடுடா என்று கேட்டாயே, ஸ்பீக்கரில்தான் இருந்தது, அவன் கோபித்துக்கொள்ளவில்லை, எல்லோரும் கேட்டாகிவிட்டது அக்காவும் கேட்டுவிட்டாள் என்றுமட்டும் சொன்னான். உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை, தூரத்தில் இருப்பவளுக்கு வேறெப்படித் தெரியும்.

ஆட்டத்தன்று அப்பாவை நாலு பேர் நாற்காலியில் வைத்து இறக்கினோம், வரமாட்டேன் என்று அவர் ஒரு பக்கம், விடமாட்டோம் என்று நாங்கள் ஒரு பக்கம். கிளப் ஹாலில் கல்யாணக் கூட்டம். வாசலில் எல்லோரையும் சோதித்தார்கள், போனை எல்லாம் வாங்கி ஒரு கூடையில் போட்டார்கள், தம்பியின் செருப்பைக் கழற்றி வளைத்துப் பார்த்தார்கள், சட்டைப் பித்தானை நகத்தால் சுரண்டினார்கள், அவன் கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு நின்றான். என் மூக்குக்கண்ணாடியைக்கூட வாங்கிக் காம்புக்குள் ஏதாவது இருக்கிறதா என்று ஒருவர் உற்றுப் பார்த்தார், அதை முடுக்கிய திருகாணியே நான் போட்டதுதான் ஐயா என்றேன். வீட்டு மனிதர்கள் இருமக்கூடாது, தலையை ஆட்டக்கூடாது, சைகை என்று ஆகிவிடுமாம். எனக்கு அன்றைக்கென்று தொண்டையில் கமறல். கம்ப்யூட்டர் திரை யாருக்கும் தெரியாதபடி திருப்பி வைத்துவிட்டு, அது சொல்கிற காயைச் செயலாளரே நகர்த்தினார். எனக்கு ஆட்டம் புரியாது, ஆனால் பலகை நடுவில் சிப்பாய்கள் ஒன்றோடொன்று மூக்கு முட்டிக்கொண்டு நின்றதும், எதுவும் எங்கேயும் போகாமல் நின்றதும் தெரிந்தது. இவன் ராஜாவை ஒரு கட்டம் இந்தப் பக்கம் வைப்பான், செயலாளர் ஏதோ ஒன்றை நகர்த்துவார், இவன் ராஜாவை மறுபடி அந்தப் பக்கம் வைப்பான். ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. பின்வரிசையில் ஆட்கள் கொட்டாவி விட்டார்கள். நான் கமறலை விழுங்கி விழுங்கி உட்கார்ந்திருந்தேன், எப்போது முடியும் என்று கேட்கக்கூட முடியாது.

அப்போது ஒன்று நடந்தது. செயலாளர் திரையைப் பார்த்து ஒரு குதிரையைத் தூக்கித் தம்பியின் சிப்பாய்க்குக் குறுக்குக் கட்டத்திலேயே கொண்டுபோய் வைத்தார். தம்பி தன் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். சின்ன வயதிலிருந்து அவனுக்கு அந்தப் பழக்கம், நல்ல வழி ஒன்று கண்ணில் பட்டால் அவசரப்பட்டுக் காயைத் தொட்டுவிடக்கூடாது என்று கையைப் பூட்டிக்கொள்வான், பிறகு நிதானமாக எடுத்து ஓங்கி வைப்பான். எதையோ பார்த்துவிட்டான் என்று எனக்குத் தெரிந்தது. ரொம்ப நேரம் அப்படியே இருந்தான். பிறகு கையை எடுத்தான், டாக்டரை ஒரு தடவை பார்த்தான், ராஜாவை ஒரு கட்டம் தள்ளி வைத்தான், அவ்வளவுதான். அந்தக் குதிரை ஒன்றும் செய்யாமல் வந்த வழியே திரும்பிப் போயிற்று. மறுபடி ராஜா இந்தப் பக்கம், ராஜா அந்தப் பக்கம். கடைசியில் டிரா என்று நடுவர் எழுந்து சொன்னார்.

கைதட்டல் ஒன்றும் பெரிதாக இல்லை. அவன் சொன்ன மாதிரியே ஆயிற்று, ஒரே முணுமுணுப்பு, மனிதன் எங்கேயாவது இதோடு டிரா பண்ணுவானா என்று டாக்டர் எழுந்து நின்று கேட்டார், மறுபடி ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். செயலாளர்தான் பொறுங்கள் என்று அந்த ஆட்டத்தை அங்கேயே கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிய திரையில் காட்டினார். காட்டிக்கொண்டே வந்தவர் அந்தக் குதிரை வந்ததும் நிறுத்தினார். டிரா ஆகவிடக்கூடாது என்று அவரே கம்ப்யூட்டரில் ஏதோ மாற்றி வைத்திருந்தாராம், அந்த வெறியில் அது குதிரையைச் சும்மா தூக்கிக் கொடுத்திருக்கிறது, சிப்பாயால் அதை வெட்டியிருந்தால் தம்பி ஜெயித்தே இருப்பானாம், திரையில் அம்புக்குறி போட்டே காட்டியது. ஹால் முழுக்க ஒரே சிரிப்பு. "கண்ணு முன்னாடி இருக்கிற குதிரைய விட்டுட்டானே, சந்தேகமே இல்ல, மனுஷன்தான்" என்றார் டாக்டர். அவரே வந்து தம்பியின் முதுகில் தட்டினார். காப்பி வந்தது, கையெழுத்தும் வந்தது. தம்பி எல்லோரோடும் சேர்ந்து தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். நான் அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஆட்கள் அப்பாவை மேலே தூக்கிக்கொண்டு போனார்கள், நானும் தம்பியும் வாக்கரோடு பின்னால் ஏறினோம். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நான் நின்றுவிட்டேன். குதிரையைப் பார்த்தாய்தானே என்று கேட்டேன். அவன் மேலே எட்டிப் பார்த்தான், அப்பா குரல் தூரத்தில் கேட்டது. "பாத்தேம்மா. வெட்டியிருந்தா ஜெயிச்சிருப்பேன். ஜெயிச்சிருந்தா அந்த ஹால்ல ஒருத்தன்கூட நம்பியிருக்க மாட்டான்" என்றான். அப்புறம் படியில் உட்கார்ந்துகொண்டான். இனிமேல் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு தப்பு வைத்தே ஆடவேண்டும், எங்கே வைப்பது என்று இப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன் என்றான், ஏதோ உப்பு எவ்வளவு போடுவது என்று கேட்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னான். யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டான். நான் அழுதேன், அவன் அழவில்லை.

பள்ளிக்கூடங்கள் கூப்பிட்டுவிட்டன, பிள்ளைகளின் காய்ச்சலெல்லாம் குணமாகிவிட்டது. அப்பாதான் கால் தரையில் படாமல் பறக்கிறார், உட்கார்ந்த இடத்திலிருந்தே பறக்கிறார், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கம்ப்யூட்டரோடு டிரா பண்ணியவன் என் பிள்ளை என்கிறார். ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் போதும், அவ்வளவு பெரிய குதிரை நின்றது உன் கண்ணுக்குத் தெரியவில்லையா, நானாக இருந்தால் விட்டிருப்பேனா, உலகத்தில் யாரும் செய்யாததைச் செய்திருக்கலாமே குருட்டுப் பயலே என்று கேலி பண்ணுகிறார். தம்பி ஆமாம்ப்பா கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த கவளத்தை எடுக்கிறான். அப்பாவிடம் சொல்லலாம் என்றால் சொன்ன மறுநிமிஷம் ஜன்னலைத் திறந்து தெருவுக்கே கூவிவிடுவார், பெருமை தாங்காமல்தான் கூவுவார், அதோடு எல்லாம் போயிற்று. சொல்லாவிட்டால் பெற்ற பிள்ளையைத் தினமும் குருடன் என்கிறதைக் கேட்டுக்கொண்டு ரசம் ஊற்ற வேண்டும். போன வாரம் ஒரு சின்னப் போட்டிக்குப் போய் இரண்டாவதாக வந்தான். நல்லா ஆடினியா என்று கேட்டேன். "நல்லாத் தப்பு பண்ணேம்மா" என்றான்.

வாக்கை மீறி உன்னிடம் சொல்லிவிட்டேன், இன்னொருத்திக்காவது தெரியட்டும் என்றுதான். கடை மறுபடி திறக்கிற நேரம் ஆகிவிட்டது, முதலாளி எட்டிப் பார்க்கிறார். நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், உன் தொழில் உனக்குக் கடைசிவரை கைகொடுக்க வேண்டும், அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு. ஒன்றைமட்டும் மறந்துவிடாதே. இந்த ஞாயிற்றுக்கிழமை அவனைத் தனியாகக் கூப்பிட்டு என்னோடு ஒரு ஆட்டம் ஆடு என்று கேள். உனக்குக் குதிரை எப்படிப் போகும் என்பதே தகராறு, பரவாயில்லை, போனில் ஆடலாமாமே. அக்கா என்று பார்க்காதே, உனக்குத் தெரிந்ததையெல்லாம் காட்டி ஆடு என்று சொல். கால்மணி நேரத்தில் உன்னைத் துடைத்துப் போட்டுவிடுவான், நன்றாகத் தோற்றுப்போ. உன் ஒருத்தியிடமாவது அவன் ஒரு தப்பும் வைக்காமல் ஆடட்டும்.

உன் பதிலை வீட்டுக்கு அனுப்பாதே, கடை விலாசத்துக்கு அனுப்பு.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா